வேலை செய்யாதவர்கள் கட்டம்

ரப்பர் பாலை உறைய வைக்கும் ஆசிட் கேனுக்குள் பக்கத்து வீட்டுக் குழந்தை கையை விட்ட காலையில், நான் அடுத்த விளையில், எங்கள் ரப்பர் தோட்டத்தில், பால் வெட்டிக்கொண்டிருந்தேன். முதலில் குழந்தையின் அலறல் கேட்டது, பிறகு அவள் அம்மாவின் அலறல். கத்தியைப் போட்டுவிட்டு ஓடினேன். நல்லவேளையாக, வாளி கழுவ எடுத்து வைத்திருந்த தண்ணீர் பக்கத்திலேயே இருந்தது. குழந்தையின் கையை அதில் முக்கி, மேலும் மேலும் தண்ணீர் ஊற்றினோம். பிறகு ஆட்டோவில் தக்கலை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

விரல்களில் தோல் உரிந்திருந்தது. கண்ணில் தெறிக்கவில்லை, வாயில் போகவில்லை, ஆறிவிடும் என்றார் டாக்டர். கட்டுப் போட்டு முடித்துவிட்டு, “இவ்வளவு சின்னக் குழந்தையை ஆசிட் இருக்கிற இடத்துக்கு எதுக்கும்மா கொண்டு போனீங்க?” என்று கேட்டார். அவர் கோபமாகக் கேட்கவில்லை. ஆனாலும் அவள் தலையைக் குனிந்துகொண்டாள். எனக்குத்தான் பொறுக்கவில்லை.

“பின்ன எங்க விடுவா டாக்டர்?” என்றேன். “வெளுக்கும்போ பால் வெட்டணும். அங்கன்வாடி தெறக்கது வெயில் ஏறின பெறகு. அதுவரைக்கும் பிள்ளைய எங்க வைக்க?”

அவர் என்னைப் பார்த்தார், குழந்தையைப் பார்த்தார், மருந்துச் சீட்டை எழுதிக் கொடுத்தார். அது அவர் பதில் சொல்ல வேண்டிய கேள்வி இல்லை. யார் பதில் சொல்ல வேண்டும் என்று ஆட்டோவில் திரும்பும்போது யோசித்துக்கொண்டே வந்தேன்.

நாங்கள் இருப்பது திருவட்டாறு பக்கம். நான் எம்.ஏ. பொருளாதாரம் படித்தவள். சாயங்காலம் வீட்டு முன்னறையில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன். காலையில் ரப்பர் விளை. அது கல்யாணத்தின்போது அப்பா என் பெயரில் எழுதிக் கொடுத்தது. என் கணவர் பல வருடம் கல்ஃபில் இருந்துவிட்டு வந்து, இப்போது புதுக்கடை ஊரில் எலக்ட்ரிக்கல் சாமான் கடை வைத்திருக்கிறார். எங்களுக்குப் பால் வெட்டிக்கொண்டிருந்தவர் கூலி கூடுதல் என்று கேரளாவுக்குப் போனதும், வேறு ஆள் தேடி அலுத்து நானே கத்தி பிடிக்கப் பழகிக்கொண்டேன். குழந்தையின் அம்மா எங்கள் பக்கத்து வீடு. நன்றாகப் படித்தவள், கல்லூரியைப் பாதியில் விட்டவள். அவள் கணவன் எர்ணாகுளத்தில் கான்கிரீட் வேலை செய்கிறான், வாரக் கடைசியில் வருவான். மாமியாரும் இருட்டோடு வேறு விளைக்குக் கூலி வேலைக்குப் போய்விடுவார். அவள் மற்றவர்களின் மரங்களில் கூலிக்குப் பால் வெட்டுகிறாள். ஒரு பழைய துணிக்கூடையில் குழந்தையை உட்கார்த்தி, மேலே கொசுவலை போட்டு, மரத்துக்கு மரம் கூடவே தூக்கிக்கொண்டு நடப்பாள். குழந்தை கூடையை விட்டு ஏறி இறங்கக் கற்றுக்கொண்ட வாரத்தில்தான் அந்த ஆசிட் சம்பவம் நடந்தது.

அடுத்து வந்த கிராம சபையில் நாங்கள் சில பெண்கள் சேர்ந்து மனு கொடுத்தோம். அங்கன்வாடியை வெளுக்கும் நேரத்திலேயே திறக்க வேண்டும், அதற்கு ஒரு உதவியாளரைக் கூடுதலாகப் போட வேண்டும் என்பதுதான் கோரிக்கை. கை தூக்கச் சொன்னார்கள், எல்லோரும் தூக்கினார்கள், தீர்மானம் நிறைவேறியது. பிறகு ஒரு சத்தமும் இல்லை. காத்திருந்து பார்த்துவிட்டு, பஸ் ஏறித் தக்கலையில் அங்கன்வாடிகளைக் கவனிக்கும் அலுவலகத்துக்கே போனோம். பக்கத்து வீட்டுக்காரியும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

அதிகாரி வெளி மாவட்டத்துக்காரர், மரியாதையானவர். எல்லோரையும் உட்காரச் சொன்னார். மேஜையில் இருந்த மாவட்டப் புள்ளிவிவரக் கையேட்டை எடுத்து, ஏற்கெனவே மடித்து வைத்திருந்த பக்கத்தைத் திறந்தார்.

“நீங்க கேக்கறது நியாயமாத்தான் இருக்கு மேடம். ஆனா தேவை இருக்கான்னு மேல கேப்பாங்க. உங்க மாவட்டக் கணக்கைப் பாருங்க. தலைக்கு வருமானத்துல மாநிலத்துலயே முன்வரிசை. படிப்புலயும் முன்வரிசை. ஆனா வேலைக்குப் போற பெண்கள் ரொம்பக் கம்மி. வசதி இருக்கு, வீட்டுல இருக்காங்க. அப்புறம் விடியக்காலம் யாருக்காகத் திறக்கறது?”

குழந்தை தழும்பு மாறாத கையால் மேஜை மேல் இருந்த பேனாவை எடுக்கப் பார்த்தது.

“சார், இந்தப் பிள்ளைக்க கை எந்தக் கணக்குல வரும்?” என்று கேட்டேன்.

அவர் சங்கடப்பட்டார். “ஒரு சம்பவத்தை வெச்சு முடிவெடுக்க முடியாது மேடம். புள்ளிவிவரம் பேசணும்.”

“செரி சார். நான் போய் அதைப் படிச்சிட்டு வாறேன்” என்று எழுந்துவிட்டேன். மற்றவர்களும் எழுந்தார்கள். பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது எனக்குக் காது சூடாக இருந்தது. வேலைக்குப் போகாத பெண்கள் என்று எங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டார். எங்களில் ஒருத்தியின் புடவை ஓரத்தில் ரப்பர் பால் காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது.

அந்தக் கையேடு எனக்குப் புதிதல்ல, டியூஷனில் அதிலிருந்துதான் உதாரணம் சொல்வேன். ஆனால் பரீட்சைக்காகப் படிப்பது வேறு, சண்டைக்காகப் படிப்பது வேறு. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து, ஜெராக்ஸ் எடுத்த பக்கங்களைச் சாப்பாட்டு மேஜையில் பரப்பி, ஸ்கேல் வைத்து வரி வரியாகப் பார்த்தேன். அட்டவணைக்குக் கீழே பொடி எழுத்தில் இருக்கும் அடிக்குறிப்புகளை முதலில் படித்தேன். எண்கள் எங்கிருந்து வந்தன என்பது அங்கேதான் இருக்கும்.

வேலை செய்யும் பெண்களைப் பற்றிய அட்டவணை கடைசியாக முடிந்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலிருந்து எடுக்கப்பட்டது. அது நடந்தபோது பக்கத்து வீட்டுக்காரி ரெட்டைச் சடை போட்டுப் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். வேலை செய்யாதவர்கள் என்ற கட்டத்தில் அவள் இருந்தது அன்றைக்குச் சரி. அந்தப் பள்ளிக்கூடத்துப் பெண்ணுக்குப் பிறந்த பிள்ளைக்குக் காப்பகம் வேண்டாம் என்று இன்றைக்கு அதே கட்டத்தைக் காட்டிச் சொல்கிறார்கள்.

வேலை செய்பவர்களையும் இரண்டாகப் பிரித்திருந்தார்கள். வருடத்தில் பாதிக்கு மேல் வேலை பார்த்தவர்கள் ஒரு பக்கம், குறைவாகப் பார்த்தவர்கள் இன்னொரு பக்கம். எங்கள் ஊரில் இரண்டு பருவமழையும் கொட்டும். மழையில் பால் வெட்ட முடியாது. வானம் வழிவிடும் நாட்களில் இருட்டோடு எழுந்து ஓடுகிறவள், வருடக் கணக்கில் பார்த்தால் அரைகுறை வேலைக்காரி.

பிறகு வருமானத்துக்கு வந்தேன். மாவட்ட வருமானம் என்பது மாவட்டத்துக்குள் உற்பத்தியானவற்றின் மதிப்பு. என் கணவர் பாலைவனத்தில் வெயிலில் நின்று அனுப்பிய பணம் அதில் வராது. ஆனால் அந்தப் பணத்தில் கட்டிய இந்த வீடு வரும். சொந்த வீட்டில் குடியிருப்பவர்கள் தமக்குத் தாமே வாடகை கொடுப்பதாக வைத்துக்கொண்டு, அந்தக் கொடுக்காத வாடகையையும் வருமானத்தில் சேர்க்கிறார்கள். உலகம் முழுக்க அப்படித்தான் செய்கிறார்கள், அதில் தவறில்லை. நான் நிமிர்ந்து என் அடுக்களையைப் பார்த்தேன். அந்தச் சுவர்கள் மாவட்ட வருமானத்தில் உண்டு. அதற்குள் நின்று நான் வடிக்கும் சோறு கிடையாது.

இன்னொரு பக்கத்தில் ரப்பர் இருந்தது. எவ்வளவு பரப்பில் மரம் நிற்கிறது, எவ்வளவு விளைந்தது, எல்லாம் இருந்தது. அந்தப் பக்கத்தையும் பெண்கள் வேலை பற்றிய பக்கத்தையும் அருகருகே வைத்தேன். நிலத்தை அளந்திருக்கிறார்கள், பாலை எடை போட்டிருக்கிறார்கள். வெட்டியது யார் என்று கேட்ட வரி எங்கும் இல்லை.

கணவர் காப்பி டம்ளரோடு வந்து எட்டிப் பார்த்தார். “ஒரு மாவட்டத்துக்க கணக்கை நீ ஒருத்தி இருந்து திருத்தப் போறியா?”

“திருத்த எனக்கு அதிகாரம் இல்ல. படிக்கத் தெரியும்லா” என்றேன்.

சில வாரம் கழித்து எங்கள் தெருவுக்கே கணக்கெடுக்க ஆள் வந்தது. வேலைவாய்ப்பு பற்றிய மாதிரிக் கணக்கெடுப்பு, குறிப்பிட்ட சில வீடுகளைத் தேர்ந்தெடுத்துக் கேட்பார்கள். எங்கள் வீடும் அதில் இருந்தது. நான் பால் வாளியோடு விளையிலிருந்து திரும்பும்போது, கேட் அருகே ஒரு இளைஞன் கையில் டேப்லெட்டோடு நின்றான். கடைக்குப் புறப்பட்டு நின்ற என் கணவர் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

“எனக்குக் கடை இருக்கு. மகன் வெளியூர்ல படிக்கான். அவ வீட்டுல சும்மாதான் இருக்கா.”

நான் வாளியைக் கீழே வைத்தேன். “யாரு சும்மா இருக்கா?”

இளைஞன் திரும்பிப் பார்த்தான். “வீட்டு வேலைன்னு போட்டிருக்கேன் மேடம். அதுவும் ஒரு வகைதான்.”

“அதை மாத்துங்க தம்பி. இந்த வாளியில என்ன இருக்கு?”

“ரப்பர் பால்.”

“யாரு வெட்டினா?”

“நீங்கதான், பாத்தா தெரியுது.” அவன் திரையைத் தடவிப் பார்த்தான். “குடும்பத் தொழில்ல சம்பளம் இல்லாம உதவி செய்றவங்கன்னு ஒண்ணு இருக்கு. அதைப் போடட்டுமா?”

“நான் யாருக்கு உதவி செய்யுதேன்? விளை எனக்க பேர்ல. கத்தி எனக்க கையில. பாலை உறைய வச்சு ஷீட் அடிச்சு விக்கதும் நான். இவிய அந்த நேரத்துல கடையில இருப்பாவ. சொந்தத் தொழில்னு போடுங்க. சாயங்காலம் டியூஷன் எடுக்கேன், அதையும் சேத்துப் போடுங்க.”

அவன் என் கணவரைப் பார்த்தான். அந்தப் பார்வை எனக்குக் கோபத்தை வரவழைத்தது, ஆனால் நானும் அவரைத்தான் பார்த்தேன். அவர் செருப்புக்குள் விரலை நுழைத்துக்கொண்டே, “எழுது தம்பி. அவ சொல்லுதது செரிதான்” என்றார்.

அவன் போன பிறகு வண்டியை எடுக்காமல் கொஞ்ச நேரம் நின்றார். “உன்னைக் கொறைச்சுச் சொல்லணும்னு இல்லட்டி. கேட்டதும் வாயில அதான் வந்துது. எங்க அம்மையைப் பத்திக் கேட்டாலும் அப்பா அப்படித்தான் சொல்லுவாரு.”

“உங்க அம்மை பசு வளத்துத்தான் உங்களைப் படிக்க வச்சாவ.”

“அது எனக்குத் தெரியாதா?” என்று சொல்லிவிட்டு வண்டியை ஸ்டார்ட் செய்தார். அன்றைக்கு மத்தியானம் கடையிலிருந்து போன் செய்து, பால் வெட்டத் தலையில் மாட்டும் லைட்டின் பேட்டரி எப்படி இருக்கிறது என்று கேட்டார். புதியது ஒன்று கொண்டு வந்தார்.

பக்கத்து வீட்டுக்கும் அந்த இளைஞன் போயிருந்தான். அவர்கள் என்ன சொன்னார்கள் என்று நான் கேட்டபோது, அதைச் சொல்லக்கூடாது மேடம் என்று சரியாகவே மறுத்துவிட்டான். அதனால் அவளிடமே கேட்டேன். துணி காயப் போட்டுக்கொண்டிருந்தவள் என்னைப் பார்க்காமலே சொன்னாள்.

“வேலை ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டேன்க்கா.”

“ஏன்?”

“வேலை இருக்குன்னு சொன்னா, மாசா மாசம் அரசாங்கத்துல இருந்து வாற பைசா நின்னு போவும்னு எல்லாரும் சொல்லுதாவ.”

“இதுக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் கெடையாது. பேரை அவிய யாருக்கும் குடுக்க மாட்டாவ.”

“அதை யாரு நம்புவா?”

எனக்குப் பொறுமை போய்விட்டது. “ஏட்டி, நீயே வேலை இல்லன்னு சொன்னா, அந்த ஆபீசர் சொன்னது உள்ளதுன்னு ஆவாதா? நாம யாருக்காகப் போய் நின்னோம்?”

அவள் கையிலிருந்த துணியைக் கொடியில் போட்டுவிட்டு நேராகத் திரும்பினாள். “உங்களுக்கு விளை இருக்கு, வீடு இருக்கு, கடை இருக்கு. நீங்க துணிஞ்சு சொல்லலாம்க்கா. எனக்கு அந்தப் பைசா நின்னா பிள்ளைக்குப் பால் வாங்க முடியாது.”

அடிக்குறிப்பில் எழுதாத ஒன்று இருந்தது, பயம். எங்கள் தெருவில் வாசலுக்கு வாசல் அது நின்றுகொண்டிருந்தது. கேட்கிறவர்கள் சரியாகக் கேட்டு, சொல்கிறவர்கள் பயப்படாமல் சொல்லி, அந்தக் கணக்கு அச்சாகி, ஒரு அதிகாரியின் மேஜைக்கு வருவதற்குள் இந்தக் குழந்தை பள்ளிக்கூடம் முடித்துவிடும். அதுவரை கூடையில் இருக்குமா? எண் வரட்டும், பிறகு திறக்கிறோம் என்று அவர்கள் சொன்னால், நாங்கள் திறக்கிறோம், எண் பின்னால் வரட்டும் என்று முடிவு செய்தேன்.

எங்கள் திருச்சபையில் ஞாயிறுதோறும் பிள்ளைகளுக்கு நடக்கும் ஓய்வுநாள் பள்ளியின் அறை வாரம் முழுக்கப் பூட்டியே கிடக்கும். அதைக் காலையில் திறந்து தரச் சொல்லிக் கமிட்டியில் கேட்டேன். ஒருவர், “இதுல நம்ம சபைப் பிள்ளைய எத்தனை இருக்கும்?” என்றார்.

“ஆசிட் சபை பாக்காது அண்ணாச்சி” என்றேன்.

போதகர் சிரித்துவிட்டார். அறையின் சாவியை அன்றைக்கே தந்தார்.

அய்யாவழி மார்க்கத்தைச் சேர்ந்த பக்கத்து வீட்டில் வேறு தயக்கம். அவளுடைய மாமியார் என்னைக் கூப்பிட்டு, “அங்க வச்சு ஜெபம் படிச்சுக் குடுப்பியளோ?” என்று நேரடியாகவே கேட்டார்.

“பல்லு தேச்சு விடுவோம், கஞ்சி குடுப்போம், ஒறங்குத பிள்ளைய எழுப்ப மாட்டோம். அதுக்கு மேல எங்களுக்கு நேரம் கெடையாது” என்றேன். அவர் சம்மதித்தார். முதல் நாள் தானே கூட வந்து, கதவுக்குத் தாழ்ப்பாள் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று பார்த்துவிட்டுப் போனார்.

முறை வைத்துக்கொண்டோம். ஒவ்வொரு நாளும் ஒருத்தி வெட்டுக்குப் போகாமல் அறையில் இருப்பாள், அவள் மரங்களை மற்றவர்கள் பகிர்ந்து வெட்டுவார்கள். ஆரம்பத்தில் சண்டை வந்தது. என் மரத்தை ஆழமாக வெட்டிவிட்டாய், பட்டை காயம் பட்டுவிட்டது என்று இரண்டு பேர் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். ஒரு வாரம் நானே இரண்டு பேரின் முறையையும் எடுத்து எரிச்சலோடு உட்கார்ந்திருந்தேன். பிள்ளைகள் பாயில் வரிசையாகத் தூங்குவதைப் பார்க்கும்போது எரிச்சல் கொஞ்சம் அடங்கும். பிறகு அவர்களும் பேசிக்கொண்டார்கள்.

அறை ஓட ஆரம்பித்த பிறகு, ஜெராக்ஸ் பக்கங்களை எடுத்துக்கொண்டு மறுபடியும் தக்கலைக்குப் போனேன். எந்த அட்டவணை எந்தக் காலத்துக் கணக்கு, எதை அளந்திருக்கிறார்கள், எதை அளக்கவில்லை என்று அதிகாரியிடம் ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவர் குறுக்கிடாமல் கேட்டார்.

“நீங்க சொல்றது சரியா இருக்கலாம் மேடம். ஆனா மேல அனுப்ப எனக்கு ஒரு எண் வேணுமே.”

“வெளுக்கும்போ வாருங்க சார். நீங்களே எண்ணிக்கிடுங்க.”

வரமாட்டார் என்று நினைத்துத்தான் சொன்னேன். ஒரு நாள் இருட்டு விலகும் முன்பே ஸ்கூட்டரில் வந்துவிட்டார். அறையில் தூங்கும் பிள்ளைகளைப் பார்த்தார். பிறகு நான் அவரை ரோட்டு மேட்டுக்குக் கூட்டிப் போனேன். அங்கிருந்து பார்த்தால் சரிவில் இறங்கும் ரப்பர் விளைகள் தெரியும். மரங்களுக்கு நடுவே தலை லைட்டுகள் அசைந்துகொண்டிருந்தன. ஒன்று நிற்கும், குனியும், அடுத்த மரத்துக்குப் போகும்.

“அது எல்லாம் பெண்களா?”

“ஆம்பிளையளும் உண்டு. கிட்டப் போய்ப் பாருங்க.”

அவர் இறங்கிப் போனார், பேண்ட் நனைய நடந்தார். திரும்பி வந்தபோது, பரிந்துரை எழுதி அனுப்புகிறேன் என்றார். அனுப்பினார், அதை நான் அறிவேன். ஆனால் உத்தரவு வருவதற்குள் அவருக்கு மாறுதல் வந்துவிட்டது. உத்தரவு இன்னும் வரவில்லை.

போன கிராம சபைக்குப் புதிய அதிகாரி வந்திருந்தார். மாவட்டத்தின் வளத்தைப் பற்றி நன்றாகப் பேசினார். பேசி முடித்து, “இங்க வேலைக்குப் போற பெண்கள் யாராவது இருக்கீங்களா?” என்று கேட்டார். நான் எழுந்திருக்க நாற்காலியின் கையைப் பிடித்தேன். எனக்கு முன்னால் பக்கத்து வீட்டுக்காரி எழுந்துவிட்டாள். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகியிருந்தாள். மாசா மாசம் வரும் பைசா நின்றுவிடும் என்று பயந்தவள் எல்லோர் முன்னாலும் சொன்னாள்.

“நான் ரப்பர் வெட்டுதேன் சார். கல்யாணத்துக்கு முன்னால இருந்தே வெட்டுதேன். எழுதிக்கிடுங்க.”

அவள் மாமியார் அவள் கையைப் பிடித்து இழுத்தார். அவள் உட்காரவில்லை. பின்னாலிருந்து இன்னொருத்தி எழுந்து, நான் அண்டி ஆபீசில் முந்திரிக்கொட்டை உடைக்கிறேன் என்றாள். தேனீப் பெட்டி வைத்திருப்பவள் எழுந்தாள். தையல்காரி எழுந்தாள். எழுதிக்கொண்டிருந்தவர், ஒவ்வொருத்தராகச் சொல்லுங்கள் என்று கேட்கும் அளவுக்குச் சத்தமாகிவிட்டது. நான் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன்.

பிறகு கூட்டத் தீர்மானப் பதிவின் நகல் கேட்டு வாங்கிப் படித்தேன். ‘கூட்டத்தில் கலந்துகொண்ட மகளிர் தங்கள் பணி விவரங்களைத் தெரிவித்தனர்’ என்று ஒரே வரியில் முடித்திருந்தார்கள். அதை அவளிடம் காட்டினேன். இரண்டு முறை படித்தாள்.

“இதுல நான் எங்க இருக்கேன்க்கா?” என்று கேட்டாள்.

“இல்ல.”

“செரி. அடுத்த கூட்டத்துல வேலையை ஒவ்வொண்ணா எழுதச் சொல்லுவோம். எழுதினதை அங்க வச்சே வாசிக்கச் சொல்லுவோம். அதுவரைக்கும் ஒருத்தரும் எந்திரிச்சுப் போவப்படாது” என்றாள். குழந்தையை இடுப்பில் மாற்றிக்கொண்டு, மற்ற பெண்களிடம் சொல்ல அப்போதே கிளம்பிவிட்டாள்.